நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர், ஏழு மணி நேரத்தில் சென்னை

இலுப்பூர்ப் பக்கத்து வீடுகளில் அப்பத்தாவுக்கும் பேரனுக்கும் நடக்கிற பேச்சு ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு வார்த்தை மாறும், கணக்கு மாறாது.

“மெட்ராசுக்கு எம்புட்டு நேரம்யா ஆவும்?”

“ஏழு மணி நேரம் அப்பத்தா. வழியில நின்னு நின்னு போனா எட்டாவும்.”

“சிங்கப்பூருக்கு?”

“நாலு மணி நேரம்.”

“அப்ப மெட்ராசவிடக் கிட்டத்துலயா இருக்கு?”

பேரன் சிரித்துவிடுவான். ஆனால் அப்பத்தா கேட்டதில் தப்பில்லை. கிராமத்தில் தூரத்தை நேரத்தால்தான் அளந்தார்கள். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்கிற தூரம், கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். கிலோமீட்டர் கல்லெல்லாம் சாலை போட்டவர்கள் நட்டது. இலுப்பூரிலிருந்து சென்னை சாலை வழியே 350 கிலோமீட்டருக்கு மேல். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் 2,980 கிலோமீட்டர். எட்டு மடங்கு தூரத்துக்குப் பாதி நேரம்தான் ஆகிறது. அப்பத்தாவின் அளவுகோலில் சிங்கப்பூர்தான் பக்கம்.

அந்த நாலு மணி நேரம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு மெய், எவ்வளவு கணக்குச் சரிக்கட்டல் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர் ஒரு தாலுகாத் தலைநகர், பேரூராட்சி. ஒரு பக்கம் விராலிமலை, மறுபக்கம் அன்னவாசல், சித்தன்னவாசல். பெயரிலேயே இலுப்பை மரம் இருக்கிறது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற பழமொழியை இந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், “ஆலை இருக்கிற ஊருக்கே போயிட்டோம்ல” என்று பதில் வரும். கண்மாயும் மானாவாரியும் கைவிட்ட வருஷங்களில் இந்தப் பக்கத்து ஆண்கள் கடல் தாண்டிப் போனார்கள். கிழக்கே சிங்கப்பூர், மலேசியா. மேற்கே துபாய், சார்ஜா, குவைத், சவூதி. இரண்டு திசைக்கும் வாசல் ஒன்றுதான். திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் திருச்சி விமான நிலையம். இலுப்பூரிலிருந்து காக்கை பறக்கிற வழியில் 30 கிலோமீட்டர், வேன் போகிற வழியில் 40 சொச்சம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து துபாய் 2,940 கிலோமீட்டர். வித்தியாசம் நாற்பதே நாற்பது. ஏறக்குறைய இலுப்பூரிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போகிற தூரம்! அண்ணன் துபாயிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. தராசின் நடு முள்ளில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு தட்டும் சமம்.

பத்தாம் வகுப்புக் கணக்கு

இந்தத் தூரத்தை யாரும் அளவு நாடா வைத்து அளக்கவில்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும், வீட்டுத் திண்ணையிலேயே போட்டுவிடலாம். திருச்சி விமான நிலையம் வடக்கே 10.77 பாகை, கிழக்கே 78.71 பாகை. சாங்கி வடக்கே 1.36, கிழக்கே 103.99. வடக்கு தெற்காக வித்தியாசம் 9.4 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் சுமார் 1,045. கிழக்கு மேற்காக 25.3 பாகை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கும் என்பதால் இதற்குப் பாகைக்கு 110.6 என்று கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும். சுமார் 2,796 வருகிறது. இப்போது பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,985. பூமி உருண்டை என்பதையெல்லாம் சேர்த்துக் கோள முக்கோணவியலில் கணித்தால் வருவது 2,981. நாலு கிலோமீட்டர்தான் பிசகு.

இந்தக் குறுக்கு வழி எல்லா ஊருக்கும் ஓடாது. திருச்சியிலிருந்து லண்டனுக்கு இதே பிதாகரஸைப் போட்டுப் பாருங்கள், 8,790 வரும். உண்மையான மிகக்குறுகிய தூரம் 8,320 சொச்சம். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டிவிடும். காரணம் பூமியின் வளைவு. தட்டையான படத்தில் நேராகத் தெரியும் கோடு உருண்டையில் சுற்றுவழி. ஓர் உலக உருண்டையில் திருச்சிக்கும் லண்டனுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், படத்துக் கோட்டைவிட நூல் வடக்கே ஏறிப் போவது தெரியும். விமானங்கள் போவது நூல் வழியை ஒட்டித்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இந்த வித்தியாசம் அற்றுப்போகிறது. சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பூமி ஏறக்குறையத் தட்டை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இழுத்த நூலின் அடியில் என்ன இருக்கிறது? காவிரிப் படுகையைக் கடந்து நாகை, வேதாரண்யம் கரையோரம் கடலுக்குள் இறங்குகிறது. பிறகு வங்காள விரிகுடாவின் வெறும் நீர். நிக்கோபாருக்குத் தெற்கே நழுவி, சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே பக்கம் தரையைத் தொடுகிறது. அங்கிருந்து மலாக்கா நீரிணை ஓரமாகச் சிங்கப்பூர். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் இடப்பெயர்களில் மாநக்கவாரம் என்பது நிக்கோபார் என்றும், இலாமுரிதேசம் என்பது வட சுமத்ரா என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1025ஆம் ஆண்டை ஒட்டி அவன் கப்பற்படை காற்றுக்குக் காத்திருந்து போன கடலை, ஆயிரம் வருஷம் கழித்து, இலுப்பூர்ப் பையன் ஜன்னல் மூடியை இறக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டே கடக்கிறான். நள்ளிரவு விமானம், மூடியைத் திறந்தாலும் இருட்டுதான்.

காற்று யார் பக்கம்?

திருச்சியிலிருந்து போகிற ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உச்ச உயரத்தில் ஒலியின் வேகத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே போகும். மணிக்கு ஏறக்குறைய 835 கிலோமீட்டர். 2,980ஐ அதால் வகுத்தால் 3 மணி 34 நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைவு. ஓடுபாதை வரை உருண்டு போக, அங்கே வரிசையில் நிற்க, இறங்கியபின் மறுபடி உருண்டு வர அரை மணி நேரம் போல. ஆக நாலு மணி பத்து, நாலேகால்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பறக்கிற நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அந்தப் பக்கம் போய்க் கட்டை வைக்கிறவரை உள்ள நேரம். விமானத் தொழிலில் இதை பிளாக் டைம் என்பார்கள். இதில் விமான நிறுவனங்கள் கொஞ்சம் சதை சேர்த்தே போடுகின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பினாலும் “சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம்” என்று அறிவிக்க அந்தச் சதை உதவும். நம்மூர் பஸ் டைம்கீப்பர்கள் அறியாத வித்தையா!

ஆனால் நிஜமாகவே நேரத்தைக் கூட்டிக் குறைப்பது காற்று. இந்த விஷயத்தில் திருச்சி விசேஷமான இடத்தில் இருக்கிறது. உலகத்தின் பெரிய விமானப் பாதைகளில் உயரக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். தென்னிந்தியாவின் தலைக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை அது தலைகீழ். கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அதற்குப் பெயர். அதை 1958இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் உலகுக்கு விரித்துச் சொன்னவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த பி. கோடேஸ்வரம். திபெத் பீடபூமி கோடையில் காய்ந்து சூடேறுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று கீழே ஒரு திசையில் வீசும்போது, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு எதிர்த்திசையில் இந்தக் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டரில். காற்றாற்றின் நடு ஓட்டத்தில் விழாவிட்டாலும் கரையோர இழுப்பு படும்.

அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிறவனுக்கு எதிர்க்காற்று, துபாய் போகிறவனுக்குப் பின்காற்று. மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் சிங்கப்பூருக்குச் சுமார் கால் மணி நேரம் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் மேலைக் காற்று ஓங்கும்போது துபாயிலிருந்து வருகிறவனுக்கு ஆதாயம், போகிறவனுக்கு நஷ்டம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததோ இல்லையோ, ஆடியில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் விமானம் ஒரே நேரம் எடுக்காது. தராசு சமமாக இருந்தாலும் காற்று ஒரு தட்டை அழுத்துகிறது.

விழுங்கிய மணியும் கக்கிய மணியும்

முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் டிக்கெட்டைப் பார்த்துக் குழம்புகிற இடம் வேறு. இரவு 1 மணிக்குத் திருச்சியில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும் நேரம் 7.45 என்று போட்டிருக்கும். ஆறே முக்கால் மணி நேரம்! திரும்பி வரும்போது அங்கே இரவு 9 மணிக்கு ஏறினால் இங்கே 10.45. ஒன்றே முக்கால் மணி நேரம்! போகிற தூரம் வேறு, வருகிற தூரம் வேறா என்று கேட்பார்கள். துபாய்க்கு இதன் மறுபக்கம். 1 மணிக்கு ஏறி 3.45க்கு இறங்கலாம், வரும்போது டிக்கெட் ஐந்து மணி நேரத்துக்கு மேல் காட்டும். இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் சேர்த்து அச்சடிப்பதால் வருகிற மயக்கம் இது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே.

இதில் துபாய்க் கடிகாரம் யோக்கியமானது. சூரியன் ஒரு பாகை நகர நாலு நிமிடம். திருச்சிக்கும் துபாய்க்கும் 23.3 பாகை, ஆக 93 நிமிடம். கடிகாரம் சொல்வது 90. சரிதான். சிங்கப்பூருக்கு 25.3 பாகை, 101 நிமிடம்தான் வர வேண்டும். கடிகாரமோ 150 நிமிடம் காட்டுகிறது. மிச்சம் 49 நிமிடம் எங்கிருந்து முளைத்தது? அரசாங்கம் முளைக்க வைத்தது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்துக்கு வந்தது. வியாபாரமும் போக்குவரத்தும் பின்னிக் கிடப்பதால் சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். எழுபதுகளில் அங்கே இருந்த பெரியவர்களிடம் கேட்டால் இன்னமும் “ரெண்டு மணி நேரம் முன்ன” என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் மறந்து சொல்லவில்லை.

தள்ளி வைத்த கடிகாரத்தின் விலை, சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறு மணிக்கு லாரியில் ஏறி வேலைக்குப் போகிற கட்டுமானத் தொழிலாளி இருட்டில் போகிறான். இலுப்பூரில் ஆறு மணிக்குக் கோலம் போட்டு முடித்திருக்கும், கிழக்கு வெளுத்திருக்கும். “இங்க விடியவே மாட்டேங்குதும்மா” என்று முதல் வாரம் போனில் சொல்வதை வீட்டார் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு கலங்குவார்கள்.

வீட்டுப்படி முதல்

சரி, விமானத்தை விடுங்கள். வீட்டுப்படியிலிருந்து கணக்கெடுப்போம். விமானம் இரவு 1 மணிக்கு என்று வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கச் சொல்வார்கள். இலுப்பூரில் எட்டரைக்கு வேன் கிளம்ப வேண்டும். வேனில் போகிறவன் ஒருவன், வழியனுப்புகிறவர்கள் எட்டுப் பேர். பெட்டி காலையிலேயே கட்டியாகிவிட்டது. எடை போட வீட்டில் தராசு கிடையாது, மளிகைக் கடைத் தராசில் போட்டு, “ரெண்டு கிலோ கூட இருக்கு, ஊறுகாயை எடு” என்று ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும். முறுக்கு, பருப்புப்பொடி, கருவாடு எல்லாம் நாலு பாலித்தீன் பையில் சுற்றி. வேன் விராலிமலை வழியாகப் போய் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நான்குவழிச் சாலையில் ஏறும்.

நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி. ஏர்போர்ட்டில் மூன்று மணி. வானத்தில் நாலேகால். சாங்கியில் இமிகிரேஷன், பெட்டி, வெளியே கம்பெனி ஆள் வருகிறவரை காத்திருப்பு ஒன்றரை மணி. அங்கிருந்து டாமிட்டரிக்கு லாரியிலோ பஸ்ஸிலோ ஒரு மணி. கூட்டினால் பதினோரு மணி நேரம் ஆகிறது. புது ஆள் என்றால் மருத்துவப் பரிசோதனை, பதிவு என்று இன்னும் நீளும். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைப் பதினோரு மணியால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 275 கிலோமீட்டர். 835இல் பறந்தவன் கணக்கு முடியும்போது புல்லட் ரயிலுக்கும் கீழே வந்துவிட்டான். அந்த நாலு மணி நேரத்தைக் குறைக்கத்தான் பொறியாளர்கள் நூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் ஏழு மணி நேரத்தில் யாரும் கை வைப்பதில்லை.

திருச்சியில் ஒன்று மாறியிருக்கிறது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் அந்த ஆண்டு ஜூன் 11 முதல் இயங்குகிறது. 75,000 சதுர மீட்டர், ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளலாம் என்று திட்டம், செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஸ்ரீரங்கம் கோபுரச் சாயல், கோலம், ஓவியம் என்று வண்ண வண்ணமாக இருக்கிறது. பழைய முனையத்தில் முட்டி மோதி நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோகும் அபூர்வமான இந்திய விமான நிலையம் இது. அந்த வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பங்கு சுற்றுலாப் பயணிகள் அல்ல என்பதை வாசலில் நிற்கும் வேன்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

முனையம் வளர்ந்தது, ஓடுபாதை வளரவில்லை. 2,480 மீட்டர்தான். நடுவில் ஒற்றை நடைபாதை உள்ள சிறிய விமானங்களுக்கு இது தாராளம். லண்டனுக்கோ ஜெர்மனிக்கோ வயிறு நிறைய எரிபொருளோடு எழும்ப வேண்டிய அகலமான பெரிய விமானங்களுக்குப் போதாது. நீட்டிப்பு வேலை நிலம் கையகப்படுத்துவதில், குறிப்பாகப் பாதுகாப்புத் துறை நிலத்தில், வருஷக்கணக்காக இழுபட்டது. ஆகவேதான் திருச்சியின் கை கிழக்கே சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹோ சி மின் நகரம் வரையும் மேற்கே வளைகுடா வரையும் நீள்கிறது, அதற்கு மேல் எட்டவில்லை. லண்டன் போகிற திருச்சிக்காரர் கொழும்புக்கோ துபாய்க்கோ சென்னைக்கோ போய் மாற வேண்டும். சிலர் மலிவு டிக்கெட்டுக்காகக் கிழக்கே கோலாலம்பூர் போய் அங்கிருந்து மேற்கே திரும்பி வந்த கதையும் உண்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு முழுசாக அறுந்துபோன ஒரு சாயங்காலத்தை இந்தப் பகுதி மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாலை ஐந்தே முக்கால் வாக்கில் சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இந்த வகை விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டும் வசதி இல்லை. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் வீதம் எரித்துக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் வட்டமடித்தபடி இருந்தது. தரையில் டிவி முன்னால் இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார்கள். 140க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. இரவு எட்டேகால் வாக்கில் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. இரண்டரை மணி நேரம் பறந்திருக்கிறார்கள். போன தூரம் பூஜ்யம். அதே நேரத்தில் அரபிக் கடலைப் பாதிக்கு மேல் கடந்திருக்கலாம்.

அதற்கு ஏறக்குறைய ஆறு வருஷம் முன்பு, 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குக் கிளம்பிய இன்னொரு விமானம் எழும்பும்போது சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலே போனது. 130 பயணிகள், ஆறு சிப்பந்திகள். அரபிக் கடல் வரை போய்த் திரும்பி மும்பையில் இறங்கியது. துபாய்க்கு ஆகிற நாலு மணி நேரமும் ஆயிற்று, சேர்ந்த இடம் மும்பை. இடிந்த சுவரின் படத்தை மறுநாள் பேப்பரில் பார்த்தவர்கள் அடுத்த வாரம் அதே ஓடுபாதையிலிருந்து ஏறிப் போனார்கள். போகாமல்?

ஒரு வாரமும் ஒரு மணியும்

நாலு மணி நேரம் என்பது இந்த ஊருக்கு எப்போது வந்த சௌகரியம் என்று யோசித்தால், நெடுங்காலம் இல்லை. இலுப்பூர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் மலாயா போகிறவர் நாகப்பட்டினம் போய்க் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடல் என்பதால் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய் ஏற வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று இந்தத் தடத்தில் ஓடியது. பயணம் ஒரு வாரத்தைத் தொடும். மேல்தளத்தில் பாயை விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்து, கடல் நோய்க்கு எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு போனவர்களின் பேரன்கள்தான் இப்போது விமானத்தில் கால் நீட்ட இடமில்லை என்கிறார்கள். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணக் காலம் முடிந்தது. அதன் பிறகு அந்தத் தடத்தில் வழக்கமான பயணிகள் கப்பல் இல்லை. தலைமுறைக்கு ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. சில வீடுகளில் பழைய தகரப் பெட்டியை இன்னமும் கப்பல் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

இலங்கை இன்னும் விசித்திரம். ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குக் கொண்டுசேர்த்த போட் மெயில் பாதையை 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து அழித்தது. ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பலும் எண்பதுகளின் போரோடு நின்றது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 185 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியாக 300க்குச் சற்றுக் குறைவு. சென்னையைவிடப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு, கொழும்பு சுற்றி, ஒரு பகல் முழுக்கச் செலவழித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச் 30 முதல் நேர் விமானம் வந்தது. ஒரு மணி நேரம். சிறிய உந்துவிசிறி விமானம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு 2020ஐச் சொல்லாமல் விட முடியாது. கொரோனா தொற்றால் அந்த ஆண்டு மார்ச் 23 முதல் 2022 மார்ச் 26 வரை, இரண்டு வருஷம், இந்தியாவிலிருந்து வழக்கமான பன்னாட்டு விமானங்கள் ஓடவில்லை. மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் சிறப்பு விமானங்களில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. சிங்கப்பூர் டாமிட்டரிகளில் தொற்று பரவி, தொழிலாளர்கள் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஊரில் அப்பா இறந்தால் வாட்ஸாப் வீடியோவில் நெய்ப்பந்தம் பிடிப்பதைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் போனைப் பாடைக்கு நேரே பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருப்பார். அப்போதும் திருச்சிக்கும் சாங்கிக்கும் நடுவே 2,980 கிலோமீட்டர்தான், ஒரு மீட்டர் கூடவில்லை.

இப்போது விமானங்கள் நிறைய. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று சிங்கப்பூர்த் தடத்தில் போட்டி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிக்கெட் விலை ஏறுகிற வேகத்துக்கு எந்த விமானமும் ஏறாது. விமானத்தின் வயிற்றில் பயணிகளோடு காய்கறியும் பூவும் போகின்றன. திரும்பி வரும் பெட்டியில் கோடாலித் தைலம், மைலோ, கம்பளிப் போர்வை. இலுப்பூர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள், அது பீரோவில் வைப்பதற்கு.

வழியனுப்பிய வேன் இலுப்பூர் திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஒரு மணிக்கு முன்னால் “ஏறியாச்சு” என்று செய்தி வரும். பிறகு போன் எடுக்காது. வீட்டில் மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். அப்பத்தா படுக்க மாட்டாள். திண்ணையில் உட்கார்ந்து, மேலே ஏதாவது விளக்கு மின்னிக்கொண்டு போனால், அது எந்த ஊர் விமானமோ, கையெடுத்துக் கும்பிடுவாள். இரண்டு, மூன்று, நாலு. விமான நிறுவனத்தின் நாலு மணி நேரத்தை முழுசாக, ஒரு நிமிடம் விடாமல் பார்ப்பவள் அவள்தான். உள்ளே இருப்பவன் தூங்கிவிட்டான்.

ஐந்தரைக்குப் பால்காரர் மணியடிக்கிற நேரத்தில் போன் சிணுங்கும்.

“எறங்கிட்டேன் அப்பத்தா.”

“விடிஞ்சிருச்சாய்யா அங்க?”

“எட்டு மணி ஆச்சு அப்பத்தா.”

“சாப்ட்டியா?”